எழுதப் படிக்கத் தெரியாத அம்மா

நண்டு, உன் சாவுச் சேதியை எனக்கு ஐஸ்காரர் சொன்னார். உன் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. செங்கல்பட்டு மார்க்கெட்டில் காலை வியாபாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் பாரை மரத்தூளோடு இறக்கி வைத்துவிட்டு, "யக்கா, சேதி தெரியுமா? சோப்பு டப்பா, பல்பொடி டப்பால்லாம் எடுத்துக்கினு படிச்ச பசங்கள இங்க கூட்டியாருவாரே ஒரு சாரு, அவரு ரயிலுக்குப் போற வழில நெஞ்சப் புடிச்சிக்கினு குந்துனாராம். அப்பிடியே பூட்டாராம்" என்றார். என் கையில் பாதி வெட்டிய சங்கரா மீன் இருந்தது. வாங்கினவள் இடுப்புக் குழந்தையோடு காத்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தையும் வெட்டி, கழுவி, இலையில் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். அதற்காக நீ என்னைக் கோபித்துக்கொள்ள முடியாது. நாலு வருஷமாக என் கூடை இருக்கும் பக்கம் திரும்பாதவன் நீ.

இனி உங்களுக்குச் சொல்கிறேன், அவனோடு வேலை பார்த்தவர்களுக்கு. அவனுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறீர்கள். "நீங்களும் நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கம்மா" என்று ஆள் அனுப்பினீர்கள். நல்லதாக எழுத உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் அவன் கூடப் பிறந்த அக்கா. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் போடாமல் விட்டுவிடுங்கள். நாலாம் கிளாஸோடு நின்றவள் நான். என் மகள் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினாள். வார்த்தையைத் தொட நான் விடவில்லை.

நண்டு என்பது எங்கள் அம்மா வைத்த பெயர். தவழும் வயசில் நேராக வரமாட்டான். கூப்பிட்டால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்து சேருவான். வளர்ந்த பிறகும் அவன் என்னிடம் எதற்கும் நேராக வந்ததில்லை.

எங்களுக்கு மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். அம்மா மீன் கூடையை பஸ்ஸில் போட்டுக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போவாள். ஒரு வருஷம் அவளுக்கு முட்டி வீங்கிவிட்டது, கூடை தூக்க ஆள் வேண்டும். மூத்தவள் நான், நின்றுவிட்டேன். அவன் படிப்புக்காக நான் தியாகம் செய்தேன் என்று யாரும் எழுத வேண்டாம். அப்போது அவனுக்கு மூக்கு ஒழுகுகிற வயசு. பிறகு அவன் தூரத்து ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். மாசம் ஒரு கார்டு நான்தான் எழுதுவேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதி, அடியில் என் பெயரில் கையெழுத்துப் போடுவேன். லீவுக்கு வந்தால் கார்டுகளை எல்லாம் கட்டி எடுத்து வந்து, "இதுல ரெண்டு தப்பு, இதுல மூணு தப்பு" என்று காட்டிச் சிரிப்பான். நானும் சிரித்தேன். இந்தக் கார்டு விஷயத்தை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

அவன் என்ன வேலை பார்த்தான் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. நானே அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சீயக்காய், பீடி, தீப்பெட்டி செய்கிறவன் அதன் மேல் ஒரு படமும் பேரும் போடுகிறான். அது எனக்கே சொந்தம், வேறொருவன் போடக் கூடாது என்று சர்க்காரில் எழுதிக் கேட்கிறான். அந்த மாதிரிப் படமும் பேரும் ஏற்கெனவே வேறொருவனிடம் இருக்கிறதா, ஜனங்கள் இதை அது என்று நினைத்து ஏமாறுவார்களா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு எக்ஸாமினர் என்று பேர். புதிதாக வரும் எக்ஸாமினர்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பது என் தம்பிக்கு வேலை. செங்கல்பட்டில் குடியிருந்து, தினம் ரயிலில் ஆபீஸுக்குப் போய் வருவான்.

அதை அவன் நன்றாகத்தான் செய்தான். அதில் பொய் சொல்ல மாட்டேன். "ரெண்டு லேபிளயும் மேஜைல பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்காதீங்க. வாங்குறவன் கையில ஒண்ணுதான் இருக்கும். இன்னொண்ணு மனசுல, அதுவும் பாதிதான் இருக்கும்" என்பான். என் கூடைக்குப் பக்கத்தில் நின்று அவன் அதை எத்தனை தரம் சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. எனக்கே மனப்பாடம்.

முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தான். "அக்கா, ஒரு ஒத்தாசை பண்ணணும்" என்றான்.

"இன்னாடா?"

"எங்கிட்ட ட்ரெய்னிங்கு வர்ற பசங்கல்லாம் எம்.ஏ., எம்.எஸ்ஸி. ஜனங்க எப்டிப் பாத்து வாங்குறாங்கன்னு ஒரு எழவும் தெரியல. அவசரத்துல இருக்குற, பாதி மறந்துபோற, படிக்கத் தெரியாத ஒரு பொம்பளயக் காட்டணும்."

"அதுக்கு?"

"நீ கீறியே."

"நான் படிப்பேனேடா."

"இங்கிலீசு படிப்பியா? அவ்ளோதான், விடு. இன்னொண்ணு. நான் உன் தம்பின்னு சொல்லிக்காத. சொந்தக்காரின்னா, நானே சொல்லிக் குடுத்துட்டேன்னு நெனப்பாங்க. பாடம் கெட்டுப்பூடும்."

ஒரு நாள் கூத்துதானே என்று சரி சொன்னேன். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கழுவிவிட்ட தரையில் செருப்புக் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஒரு லேபிளைக் காட்டினான், மூடினான். ஒரு கிலோ மீன் நிறுக்கச் சொன்னான். நிறுத்ததும் இன்னொரு லேபிளைக் காட்டி, "அதுவும் இதுவும் ஒண்ணா, வேறயா?" என்றான். வலை பின்னுகிற நூலின் லேபிள். இரண்டிலும் மீன் படம்.

"வேற" என்றேன். "மொதல்ல காட்டுனது வஞ்சரம். இது பாறை. வாலப் பாத்தாலே தெரியல? கண்ணு அவிஞ்சவன்தான் ஒண்ணும்பான்."

அந்தப் பத்துப் பேரும் அதற்கு முந்தின நாள் அது இரண்டும் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருந்தார்களாம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "போதும்மா" என்றான். அவன் வாயால் என்னை அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் இடம் கேட்கும்போது தெரியாத பொம்பளையை அம்மா என்போமே, அந்த அம்மா.

மறுநாள் வந்து திட்டினான். "மீன் லேபிள் இனிமே கொண்டாரமாட்டேன். நீயும் தெரிஞ்ச மாரி பேசாத. எழுத்தப் பாக்காத, படத்த மட்டும் பாரு. படிக்கத் தெரியாதவ எப்டி சொல்லுவாளோ அப்டி சொல்லு."

அப்படியே சொன்னேன். எழுத்து தெரிந்த கண்ணை எழுத்து தெரியாத கண்ணாக வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களில் யாராவது முயற்சி செய்து பாருங்கள். எழுத்து தானாக வந்து உள்ளே விழும். அதைத் தள்ளிவிட்டு, மயில் இருந்தது, சிவப்பு இருந்தது, ஒரு பொம்பள சிரிச்சா என்று சொல்வேன். வருஷத்துக்கு ஒரு கூட்டம், சில வருஷம் இரண்டு. பக்கத்துக் கூடைக்காரி எல்லம்மாவுக்கு மட்டும் அவன் என் தம்பி என்று தெரியும். தூரத்தில் அவர்கள் வருவதைக் கண்டாலே ஆரம்பிப்பாள். "இன்னாடி, உன் தொம்பி வந்துக்கினு கீறான், மூஞ்ச கழுவு. தட்டி கட்டி டிக்கெட்டு போடறதுதான் பாக்கி."

"அவன் வேலைக்கு ஒத்தாசடி."

"ஒத்தாச பண்றவளுக்கு ஒரு டீ வாங்கித் தர்றானா பாரு. அந்தப் பசங்களுக்கெல்லாம் பன்னும் டீயும்."

எல்லம்மா சொன்னது பொய்யில்லை. மார்க்கெட் வாசல் கடையில் நின்று எல்லோரும் டீ குடிப்பார்கள். என் கூடையிலிருந்து பார்த்தால் தெரியும். எனக்கு டீ பெரிசில்லை. "என் அக்கா இங்கதான் யாவாரம் பண்றாங்க" என்று ஒரு தரம், பாடம் முடிந்து போகிற போக்கிலாவது, சொல்ல மாட்டானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பார்த்தேன். அவ்வளவுதான் நான் கேட்டது. அதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

எமர்ஜென்சி வந்த வருஷமும் பத்துப் பேர் கொண்ட ஒரு கூட்டம் வந்தது. அதில் வத்சலா என்ற தமிழ்ப் பெண் இருந்தாள், கண்ணாடி போட்டவள், இப்போதும் உங்கள் ஆபீஸில்தான் இருக்கிறாள். அன்றைக்கு லேபிள் சீயக்காய்ப் பொடி. கூந்தலை முன்னால் விட்டுக்கொண்டு ஒரு பொம்பளை. காட்டினான், மூடினான், மீன் நிறுக்கச் சொன்னான். நிறுக்கிற நேரத்தில் அவர்களுக்குப் பாடம் நடத்தினான். "இந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலதான் இவங்க சொல்றது முக்கியம்."

வத்சலா, பாவம், மனசு இளகி, "கையெழுத்துகூட போடத் தெரியாதா சார்?" என்று கேட்டாள்.

"கைநாட்டுதான்" என்றான் என் தம்பி.

நான் தராசைக் கீழே வைத்தேன். ஹாஸ்டலில் இருந்தவனுக்கு மாசா மாசம் கார்டு எழுதின கை இது. ஒவ்வொரு கார்டின் அடியிலும் என் பெயர் இருந்தது. அதைப் படித்துத் தப்பு எண்ணினவன் கைநாட்டு என்கிறான்.

இரண்டாவது லேபிளைக் காட்டினான். "ஒண்ணா, வேறயாம்மா?"

"வேற" என்றேன். "மொத காட்டுனது வள்ளி, குண்டு ள. இது வல்லி, சாதா ல. அதுல கீழ செங்கல்பட்டுன்னு போட்டுகீது. இதுல படாளம்னு போட்டுகீது. அசல் மூலிகைன்னு ரெண்டுலயும் கீது. இன்னும் படிக்கணுமா?"

எல்லம்மா கத்தியை நிறுத்திவிட்டாள். அந்தப் பத்துப் பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அப்போது அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இவங்க என் அக்கா, நல்லா படிப்பாங்க, நான்தான் மறைச்சேன்" என்று சிரித்திருந்தால் அத்தனையும் அங்கேயே முடிந்திருக்கும். நண்டு வேறு பக்கம் நகர்ந்தான்.

"பாத்தீங்களா?" என்றான், கூட்டத்தைப் பார்த்து. "இவங்களுக்கு யாரோ முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்காங்க. சந்தையில விசாரிக்கப் போனா இப்படி மனப்பாடம் பண்ணின சாட்சியும் வரும். நம்பக் கூடாது. எழுதிக்கோங்க."

பத்துப் பேனாவும் எழுதின. நான் பார்த்தேன்.

உங்களில் அந்த நோட்டை இன்னும் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். நல்ல பாடம் என்று புதியவர்களுக்கும் சொல்லியிருப்பீர்கள். தயவு செய்து அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் படித்தேன். இந்த மலரில் நான் எழுத ஒத்துக்கொண்டதே இந்த ஒரு வரிக்காகத்தான்.

மறுநாள் காலையில் ரயிலுக்குப் போகும் முன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"ஏங்க்கா அப்டி பண்ண? என் மானமே பூடும் போலிருந்துது."

"இன்னா மானம்? உன் அக்கா எழுத்துக்கூட்டிப் படிச்சதுல பூட்ச்சா?"

"அதில்லக்கா. உனக்குப் புரியாது. அந்த ஆபீசுல யார் எந்த ஊரு, யார் வூட்ல இன்னா தொழிலு, எல்லாம் பாப்பாங்க. நான் இந்தக் கூடைலேந்து வந்தவன்னு தெரிஞ்சா, நான் சொல்ற பாடத்தக் காது குடுத்துக் கேப்பானுங்களா?"

"அப்ப சொந்தக்காரின்னா பாடம் கெட்டுப்பூடும்னு சொன்னதெல்லாம்?"

தூக்கைக் கை மாற்றிக்கொண்டான்.

"இந்தக் கூடதான்டா உனக்கு ஹாஸ்டல்ல சோறு போட்டுது. அவங்க எதிர்ல என்ன அம்மான்னுட்டு, தனியா வந்து அக்காங்காத. ரெண்டுல ஒண்ண வெச்சுக்க. போ, ரயிலு பூடும்."

போனான். நாலு வருஷம் என்னிடம் பேசவில்லை. கூட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டு வருவான். மீன் வரிசைக்கு வராமல் கீரை வரிசைக்குப் போவான். அங்கே யாரோ ஒரு கிழவியிடம் லேபிளைக் காட்டுவான். முடி நரைத்துக்கொண்டு வந்ததை நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். ஒருநாள் எல்லம்மா, "போயி ரெண்டு வார்த்த பேசேன்டி, கூடப் பொறந்தவன்தானே" என்றாள். "அவன் வாயால சொல்லட்டும், கூடப் பொறந்தவன்னு" என்றேன். என் பிடிவாதம்தான். அதற்காக இன்றைக்கும் நான் அழப்போவதில்லை. பேச வேண்டியவன் அவன்.

சாவு வீட்டுக்குப் போனேன். மீன் வாடையோடுதான் போனேன், குளிக்க நேரமில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கே மாலையோடு நின்றிருந்தீர்கள். ஒருத்தர் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அந்த மார்க்கெட் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவங்க. சார் மேல எவ்வளவு மரியாதை பாருங்க." நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவளிடம் எனக்குச் சண்டை இல்லை.

தூக்குகிற நேரம் வந்தது. சங்கு ஊதினவர், "கூடப் பொறந்தவங்க யாருனா கீறீங்களா? வாய்க்கரிசி போட வாங்க" என்று குரல் கொடுத்தார். யாரும் அசையவில்லை. "கூடப் பொறந்தவங்க!" என்று இன்னொரு தரம் கத்தினார்.

"நான் கீறேன்" என்று சொல்லிக்கொண்டு போனேன். "இவன் அக்கா நான்."

நீங்கள் எல்லோரும் வழி விட்டீர்கள். நாற்காலி போட்டவர் கையில் இருந்த மாலை நழுவியது. அவன் இருந்தவரைக்கும் சொல்லாததை அவன் தலைமாட்டில் நின்று நானே சொல்ல வேண்டியதாகிவிட்டது. அரிசியைப் போட்டேன். ஒரு தரம் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு தரம் பார், திரும்பிக்கொள், மனசில் என்ன மிச்சம் என்று பார் என்பது அவன் பழக்கிவிட்ட பழக்கம். தீப்பெட்டி வாங்கினால்கூட இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். சுவரைப் பார்த்து நின்றபோது அவன் முகம் மனசில் நிற்கவில்லை. "போதும்மா" என்ற குரல்தான் நின்றது.

எல்லாம் முடிந்து தெருமுனையில் நின்றபோது வத்சலா ஓடி வந்தாள். அழுதிருந்தாள். "எனக்குத் தெரியாதும்மா. அன்னைக்கு நானும் எழுதிக்கிட்டேன்" என்றாள். பிறகு ஒரு விஷயம் சொன்னாள். ஆபீஸில் யாராவது இரண்டு லேபிளை மேஜையில் வைத்துப் பார்த்தே முடிவு எழுதிவிட்டால், சார் அந்தத் தாளைத் திருப்பி அனுப்புவாராம். ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்குமாம்: "அக்கா?" வெளியே போய் வாங்குகிறவளைக் கேட்டுவிட்டு வா என்று அர்த்தமாம். இப்போது எல்லா எக்ஸாமினர்களும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம், "அக்காவக் கேட்டாச்சா?" என்று.

"எப்பலேந்து அப்டி எழுதுனான்?" என்று கேட்டேன்.

"நான் சேந்த அடுத்த வருஷத்துலேந்து. அந்த சீயக்காய் விஷயம் நடந்ததுக்கு அப்புறம்தாம்மா."

"யாரு அக்கான்னு நீங்க கேக்கலியா?"

"கேட்டோம். சிரிச்சார். சந்தைக்குப் போறவங்க எல்லாரும் அக்காதானேன்னார்."

இதைச் சொன்னால் என் மனசு ஆறும் என்று அந்தப் பெண் நினைத்தாள். ஆறவில்லை. தாளின் ஓரத்தில், அழிகிற பென்சிலில் எழுத முடிந்தவனுக்குக் கீரை வரிசையிலிருந்து மீன் வரிசைக்கு நடந்து வர முடியவில்லை. எத்தனை அடி இருக்கும் அது? இதை நீங்கள் மலரில் பெருமையாகப் போட்டுவிடாதீர்கள். நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுதிவிடவும் வேண்டாம்.

மார்க்கெட்டில் என்னை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐஸ்காரர், வாங்க வருகிறவள், பஸ் கண்டக்டர், எல்லோரும்தான். யாருக்கும் அது ஒரு காசு செலவில்லாத வார்த்தை. நீ என்ன நினைத்து அதை எழுதினாய், நண்டு? அந்தப் பென்சில் அக்கா நானா, இல்லை சந்தைக்குப் போகிற எவளோ ஒருத்தியா?